சின்னம்மாவுக்கு நான் வைத்த காவல்

பத்து வயதில் எனக்குக் கால்கள் இரண்டும் வேலை செய்யவில்லை. அந்தக் குறையைச் சரிக்கட்டுவதுபோலச் சந்தேகம் மட்டும் அபாரமாக வேலை செய்தது. இரண்டு பேர் தாழ்ந்த குரலில் பேசினால் அது என்னைப் பற்றித்தான் என்று முடிவு கட்டுவேன். யாராவது எனக்கு ஒரு துண்டு இனிப்பு ரொட்டி கொடுத்தால், எதற்காகக் கொடுத்தார்கள் என்று யோசித்துக்கொண்டே தின்பேன். யோசனையின் காரணமாகத் தின்பதை நிறுத்தியதாக நினைவில்லை.

எங்கள் தோட்டம் சிலோனில் லிந்துலைக்கு மேலே இருந்தது. அப்பா தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிற கூட்டத்தில் வேலை செய்தார். எனக்கு நாலு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து கால்களை எடுத்துக்கொண்டது. ஆறு வயதில் காய்ச்சல் வந்து அம்மாவை எடுத்துக்கொண்டது. ஒரு வருஷம் அப்பா என்னை முதுகில் தூக்கிக்கொண்டு அலைந்தார். பிறகு லீவு போட்டு இந்தியாவுக்குப் போனார், மதுரைப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து சின்னம்மாவைக் கட்டிக் கூட்டிக்கொண்டு வந்தார்.

சின்னம்மாவுக்குச் சிரித்த முகம். அதுதான் எனக்கு முதல் சந்தேகம்.

தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் எங்களுக்குப் பக்கத்துக் காம்பராவில் அப்பாவுக்கு அண்ணி முறையாக வேண்டிய பெரியம்மா ஒருத்தி இருந்தாள். மூத்தாள் பிள்ளைகளைச் சித்திமார் படுத்திய பாடெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஒரு கதையில் பிள்ளை கிணற்றில் விழும், ஒரு கதையில் காட்டில் தொலையும். எந்தக் கதையிலும் பிள்ளை பிழைத்து நான் கேட்டதில்லை. சின்னம்மா என் கால்களுக்கு எண்ணெய் தேய்த்து நீவி விடுவதைப் பார்த்துவிட்டுப் பெரியம்மா ஒரு நாள் என் காதோடு சொன்னாள்.

“எண்ணெ தேச்சு விடுறவள நம்பலாம்டி ஆயி. சிரிச்சுக்கிட்டே தேச்சு விடுறவள நம்பக்கூடாது.”

இன்னொன்றையும் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு, எல்லாரையும் மலைக்கு அனுப்புவார்கள். லயத்தில் இருக்கிற பெண்கள் அத்தனை பேருக்கும் அங்கே பெயர் உண்டு. சின்னம்மாவுக்கு மட்டும் இல்லை. வந்து மூன்று வருஷமாகியும் அவள் பெயரைப் பதியவில்லை. அவள் விறகு பொறுக்குவாள், தண்ணீர் எடுப்பாள், என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவாள்.

“பேரு பதியாத பொம்பள இங்க தங்குறதுக்கு வந்தவ இல்ல. வந்த காரியம் வேற என்னமோ,” என்றாள் பெரியம்மா.

என் வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டத்து மருந்துக்காரர் ஐயா பழைய பிரம்பு நாற்காலி ஒன்றைக் கொடுத்தார். தேயிலை ஸ்டோரில் தச்சு வேலை பார்த்த சிங்கள பாஸ் என்கிற மேஸ்திரி, அதற்கு இரண்டு பக்கமும் சைக்கிள் சக்கரமும் பின்னால் குட்டிச் சக்கரம் ஒன்றும் பூட்டிக் கொடுத்தார். லயத்துப் பிள்ளைகள் அதற்குத் தேர் என்று பெயர் வைத்தார்கள். சமதரையில் அது நன்றாக ஓடும். எங்கள் தோட்டத்தில் இல்லாத ஒரே பொருள் சமதரைதான்.

ஏற்றத்தில் தள்ளித் தள்ளிச் சின்னம்மாவுக்கு மூச்சு வாங்கும். ஒரு நாள் அவள் அம்மாவின் பழைய கொழுந்துக் கூடையை எடுத்து, அதன் கயிற்றை அவிழ்த்தாள். கொழுந்து எடுக்கிற பெண்கள் கூடைக் கயிற்றை உச்சித் தலையில் மாட்டி, பாரத்தை முதுகில் விடுவார்கள். சின்னம்மா தலையில் ஒரு துணியை மடித்து வைத்து, அதன்மேல் கயிற்றை மாட்டி, இரண்டு நுனியையும் என் நாற்காலிக் கைகளில் கட்டி, குனிந்து இழுத்தாள். தேர் ஏறியது. மலையில் நின்ற பெண்களெல்லாம் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. “அது எங்கம்மா கயிறு!” என்று கத்தினேன்.

சின்னம்மா திரும்பாமலே சொன்னாள்: “ஆமா புள்ள. ஒங்கம்மாதான் இழுக்குறா. நான் சும்மா தலயக் குடுக்குறேன்.”

இதை அன்று சாயங்காலமே பெரியம்மாவிடம் ஒப்பித்தேன். அவள் மார்பில் கையை வைத்துக்கொண்டு, “பேய வச்சு வண்டி இழுக்குறாளா!” என்றாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எங்கள் இருவருக்கும் பட்டப்பகலிலேயே தெரிந்தது.

இப்படி இருக்கும்போதுதான் கொழும்பிலிருந்து ஒரு காக்கி உறை வந்தது. அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு வந்தார். எங்கள் வாத்தியார் வேதக்காரர், தோட்டத்துக்கு வருகிற கடிதங்களையெல்லாம் அவர்தான் வாசித்துச் சொல்வார். பிள்ளைகள் போய்விட்டார்கள், என்னை அழைத்துப்போகச் சின்னம்மா இன்னும் வரவில்லை. நான் உள்ளே இருப்பதை மறந்துவிட்டு இருவரும் வாசலில் நின்று பேசினார்கள். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் வாத்தியார் சொன்னது மட்டும் கேட்டது.

“புள்ளைக்கு இப்பச் சொல்ல வேணாம். அழுது கூத்துக் கட்டும்.”

“அவளும் அதத்தாங்க ஐயா சொல்லுறா,” என்றார் அப்பா. அவருடைய குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

ஒரு கிழமை கழித்து அப்பா என் நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, நாம் மூன்று பேரும் இந்தியாவுக்குப் போகிறோம் என்றார். மதுரையில் சித்திரைப் பொருட்காட்சி நடக்கும், அங்கே குட்டி ரயில் ஓடும், குதிரை ராட்டினம் சுற்றும், பனைமரத்தைவிட உயரமான ராட்சத ராட்டினத்தில் ஏறினால் ஊரே தெரியும் என்றார். இதையெல்லாம் சின்னம்மா முன்பே எனக்குக் கதையாகச் சொல்லியிருந்தாள். சின்ன வயதில் அவள் பொருட்காட்சி வாசல்வரைக்கும் போயிருக்கிறாளாம், ராட்டினத்தை வெளியே நின்று பார்த்திருக்கிறாளாம்.

“ஒன்ன ஒரு சுத்தாவது சுத்திக் காட்டாம விடமாட்டேன்,” என்றாள் இப்போது.

கால் விளங்காத ஒரு பிள்ளைக்கு ராட்டினம் காட்டுவதற்காகக் கடல் தாண்டிப் போகிறவர்கள் யாராவது உண்டா? பக்கத்து டவுன் தலவாக்கலைக்குப் படம் பார்க்கப் போவதற்கே ஆறு மாதம் யோசிக்கிறவர் எங்கள் அப்பா.

பெரியம்மா விஷயத்தைக் கேட்டதும் நாலு பக்கமும் பார்த்தாள். “இந்தியாவுல நொண்டிப் புள்ளைகளுக்குன்னே மடம் இருக்காம். கொண்டு போயி விட்டா அவுங்களே வச்சுக்குவாங்களாம்,” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஒன்னச் சொல்லல ஆயி, பொதுவாச் சொன்னேன்,” என்று சேர்த்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து நான் வீட்டுக்குள்ளேயே உளவு பார்த்தேன். நாற்காலியில் கிடக்கிற பிள்ளைக்கு அது ஒரு வசதி, யாரும் அதைக் கவனிப்பதில்லை. சின்னம்மா எனக்கு நாலு புதுக் கவுன் தைத்தாள். போட்டுப் பார்த்தால் இரண்டுதான் அளவாக இருந்தன. மற்ற இரண்டும் தொளதொளவென்று தொங்கின. ஏன் என்று கேட்டதற்கு, “வளர்ற புள்ளதானே,” என்றாள். அந்த மடத்திலே கிடந்து வளர்வதற்கு என்று எனக்குப் புரிந்துவிட்டது.

அடுத்தது, எண்ணெய் தேய்க்கிற வேலை அப்பாவுக்கு மாறியது. சின்னம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, “முட்டிக்குக் கீழ இப்பிடி நீவணும், அமுக்கக் கூடாது, புள்ளைக்கு வலிக்கும்,” என்று சொல்லிக்கொடுத்தாள். கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்துப்போன கையால் அப்பா தடவித் தடவித் தேய்த்தார். தலை பின்னுவதையும் அவருக்குப் பழக்கினாள். மூன்று கால் எடுத்துப் பின்ன வராமல் அவர் முழித்தபோது சின்னம்மா சிரிசிரியென்று சிரித்தாள், சிரித்துக்கொண்டே எழுந்து பின்பக்கம் போய்விட்டாள். கடைசியாக ஒரு தடவை தன் கையால் எனக்குச் செய்ய வேண்டும் என்று அப்பா ஆசைப்படுகிறார் என்று நான் நினைத்தேன். பலி கொடுக்கிற ஆட்டுக்கு மாலை போடுவார்கள் அல்லவா, அப்படி.

போவதற்கு முதல் நாள் சின்னம்மா தன் சேலைகள் எல்லாவற்றையும் டிரங்குப் பெட்டியில் வைத்ததைப் பார்த்தேன். கிழிந்ததைக்கூட விடவில்லை. ஊரில் பெருமையடிக்க எடுத்துப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

நானும் சும்மா இருக்கவில்லை. ஒரு காகிதத்தில் என் பெயர், அப்பா பெயர், தோட்டத்தின் பெயர், லயத்து நம்பர், லிந்துலை, சிலோன் என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். கீழே, ‘கண்டெடுப்பவர்கள் தயவுசெய்து அனுப்பி வைக்கவும்’ என்று போட்டேன். அதை மடித்து, நாற்காலிப் பிரம்புக்குள் செருகினேன். இன்னொரு காரியமும் தீர்மானித்தேன். என்ன வந்தாலும் வண்டியை விட்டு இறங்குவதில்லை, அப்பாவின் சட்டையை விடுவதில்லை.

இறங்காமல் முடியுமா? தலவாக்கலை ஸ்டேஷனிலேயே தகராறு தொடங்கியது. வண்டியைக் கார்ட் பெட்டியில் ஏற்ற வேண்டும் என்றார்கள். நான் போட்ட கூச்சலில் ஸ்டேஷனே திரும்பிப் பார்த்தது. கார்ட் ஒரு சிங்களக் கிழவர். காதைப் பொத்திக்கொண்டு, “ஹரி, ஹரி, நோனா!” என்று, அதாவது ‘சரி, சரி, சீமாட்டி’ என்று எனக்குக் கும்பிடு போட்டு, வண்டியோடு என்னை எங்கள் பெட்டியிலேயே ஏற்றவிட்டார். தலைமன்னாரில் கப்பலில் ஏறும்போதும் வண்டியோடு இரண்டு ஆட்கள் என்னைத் தூக்கிப் போனார்கள். நான் ராணி மாதிரிப் போனேன் என்று அப்பா பின்னாளில் சொல்வார். நான் பிரம்புக்குள் செருகிய காகிதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனேன்.

கப்பலில் ஏறுவதற்கு முன்னால் ஒரு அதிகாரி பாஸ்போர்ட்டுகளைப் பார்த்தார். எங்களிடம் இருந்தவை இரண்டு. அப்பாவின் புத்தகத்திலேயே என் படமும் ஒட்டியிருந்தது, சின்னம்மாவுக்குத் தனிப் புத்தகம். எங்களுடையதை அதிகாரி திறந்து ஒரு முத்திரை குத்தித் தள்ளிவிட்டார். சின்னம்மாவுடையதை வெகு நேரம் புரட்டினார். இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு அதில் இரண்டு முத்திரை குத்தி, பேனாவால் என்னவோ எழுதி, அதற்குக் கீழே கையெழுத்தும் போட்டார். இவளுக்கு மட்டும் எதற்கு இத்தனை மரியாதை என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

மதுரைப் பக்கத்து ஊரில் சின்னம்மாவின் அண்ணன் வீட்டில் இறங்கினோம். அண்ணன் பெண்சாதி வாசலிலேயே என்னைக் கால் முதல் தலைவரை அளந்தாள். “இந்தப் புள்ளைதானா?” என்றாள். சின்னம்மா தலையை ஆட்டினாள். இரண்டு பேரும் அடுப்படிக்குள் போய்ப் பேசினார்கள், பேச்சின் நடுவே மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. விலை பேசுகிறார்கள் என்று நினைத்தேன். வெள்ளையடித்த பெரிய கட்டிடம் எது கண்ணில் பட்டாலும், “அது என்ன, மடமா?” என்று அப்பாவைக் கேட்டேன். ஒன்று அரிசி மில், இன்னொன்று தாலுகா ஆபீஸ். பிள்ளைக்குத் திடீரென்று பக்தி வந்துவிட்டது என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் பொழுது சாயும்போது பொருட்காட்சிக்குப் போனோம்.

அப்படி ஒரு கூட்டத்தை நான் அதுவரையில் கண்டதில்லை. வாசலிலேயே வண்டி மணலில் புதைந்தது. சின்னம்மா கொஞ்சமும் கூச்சப்படவில்லை. மடியிலிருந்து கயிற்றை எடுத்தாள், துணியை மடித்துத் தலையில் வைத்து மாட்டினாள், இழுத்தாள். அப்பா பின்னாலிருந்து தள்ளினார். மதுரைக்காரர்கள் தேர்த்திருவிழா பார்த்தவர்கள்தான், ஆனாலும் ஒரு பெண் தலையால் வண்டி இழுப்பதைப் பார்த்திருக்கமாட்டார்கள். வித்தைகாட்ட வந்தவர்கள் என்று எண்ணிச் சிலர் எங்கள் பின்னாலேயே வந்தார்கள். “என்ன வித்தைம்மா இது?” என்று ஒரு ஆள் கேட்டதற்கு, “சிலோன் வித்தை,” என்று சொல்லிவிட்டுச் சின்னம்மா நடந்தாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததேயில்லை. குட்டி ரயிலைக் காட்டினாள், வளையல் கடையைக் காட்டினாள், மிளகாய் பஜ்ஜி வாங்கிக் காரத்தைத் துடைத்துவிட்டு ஊட்டினாள். நான் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டேன். கையால் அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்திருந்தேன்.

ராட்சத ராட்டினம் மைதானத்தின் மூலையில் சுற்றிக்கொண்டிருந்தது. அதில் தொங்கிய ஒவ்வொரு தொட்டிலிலும் இரண்டு பேர் உட்காரலாம். ராட்டினக்காரன் என்னைப் பார்த்ததும் கையை விரித்தான்.

“வண்டியோட ஏத்த முடியாதுங்க. கால் வெளங்காத புள்ளய ஏத்தி, மேல போயி விழுந்துச்சுன்னா யாரு பதில் சொல்றது?”

சின்னம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். “கால்தான்யா வெளங்கல. கை இரும்பு. புடிச்சா விடமாட்டா. என்னயக் கேளு, என் தலமுடியப் புடிச்சே காட்டியிருக்கா.”

அது உண்மை. வந்த புதிதில் ஒரு தடவை பிடித்திருக்கிறேன்.

ராட்டினக்காரன் சிரித்துவிட்டான். பெரிய ஆள் ஒருத்தர் பக்கத்தில் இருந்து பிடித்துக்கொண்டால் ஏற்றுவதாகச் சொன்னான். சின்னம்மா தலையிலிருந்து கயிற்றைக் கழற்றி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். “நான் ஒக்கார்றேன் புள்ளயோட. நீங்க வண்டியப் பாத்துக்கங்க,” என்றாள். அவள் யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவள். அன்றைக்குக் கேட்டாள்.

நான் கணக்குப் போட்டேன். மேலே இவளோடு போனால் இவள் தள்ளிவிடலாம். இவளைக் கீழே விட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு மறைந்துவிடலாம். இரண்டில் எது பரவாயில்லை? வண்டி போனாலும் உயிர் மிஞ்சும்.

“அவ வேணாம். நீங்க வாங்கப்பா,” என்றேன்.

அப்பாவின் முகம் வாடிவிட்டது. “ஆயி, இன்னிக்கு ஒரு நாளு சின்னம்மாவோட…” என்று தொடங்கினார்.

“விடுங்க,” என்றாள் சின்னம்மா. “புள்ளைக்குப் பயமா இருக்கும்ல. அப்பாவோடயே போகட்டும்.” என்னைத் தூக்கித் தொட்டிலில் உட்கார வைத்து, கவுனை முழங்காலுக்கு இழுத்துவிட்டு, இறங்கிப் போய் வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள்.

ராட்டினம் கிளம்பியது. அப்பா என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “அந்தா பாரு கோயில் கோபுரம்! அந்தா வைகையாறு!” என்று காட்டினார். ராட்சத ராட்டினத்தில் ஏறியவள் நான், ஆனால் மதுரையைப் பார்த்தவள் இல்லை. மேலே போகும்போதும் கீழே வரும்போதும் என் கண் சின்னம்மாவின் தலையில்தான் இருந்தது. அவள் வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளுக்குக் காவல் இருந்தேன், அவள் எனக்குக் காவல் இருந்தாள்.

மூன்றாம் சுற்றில் உச்சிக்குப் போனபோது அவளைக் காணவில்லை. வண்டியையும் காணவில்லை.

“அப்பா! வண்டியத் தூக்கிட்டு ஓடிட்டா!” என்று அலறினேன்.

தொட்டில் பாதி தூரம் இறங்கிய பிறகு அப்பா, “ஓடிப் போக அவளுக்கு ஏது ஆயி எடம்?” என்றார்.

கீழே வந்ததும் பார்த்தேன். பலூன் விற்கிறவன் குறுக்கே வந்து மறைத்திருக்கிறான், அதனால் என் முகம் தெரிகிற பக்கமாக வண்டியை இழுத்துக்கொண்டு அவள் நகர்ந்து நின்றிருந்தாள். என்னை இறக்கியதும் ஆசையாகக் கேட்டாள்: “என்ன புள்ள தெரிஞ்சுச்சு மேலருந்து? கோபுரம் தெரிஞ்சுச்சா?”

“ஒண்ணும் தெரியல,” என்றேன். அன்று நான் பேசிய ஒரே உண்மை அதுதான்.

சின்னம்மா ராட்டினத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாள். இன்னொரு தடவை ஏறலாமா, இந்தத் தடவை நான் வரட்டுமா என்று கேட்டாள். நான் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அழத் தொடங்கினேன். கிளம்பிவிட்டோம்.

அதற்குப் பிறகு எட்டு நாள் இருந்தோம். என்னை யாரும் எந்த மடத்துக்கும் கொண்டுபோகவில்லை. கடைசி நாளில்தான் காரியத்தை முடிப்பார்கள் என்று நான் இன்னும் உஷாரானேன். கிளம்புகிற அன்று சின்னம்மா எனக்குத் தலைக்குக் குளிக்க வார்த்து, பின்னிவிட்டாள். பின்னி முடித்ததை அவிழ்த்தாள், மறுபடி பின்னினாள், அப்படி மூன்று தரம். பெரிய கவுன் இரண்டையும் பெட்டிக்கு அடியில் வைத்திருப்பதாக அப்பாவிடம் சொன்னாள். மடத்துக்கென்று தைத்தது ஏன் ஊருக்குத் திரும்புகிற பெட்டிக்குள் போகிறது என்று எனக்குக் கொஞ்சம் குழப்பமாக இருந்தது. அது எங்கள் துணிப் பெட்டிதான். அவளுடைய டிரங்குப் பெட்டி அண்ணன் வீட்டிலேயே இருந்ததை நான் கவனிக்கவில்லை. இவ்வளவு உளவு பார்த்தவள் அந்த ஒன்றைப் பார்க்கவில்லை.

தனுஷ்கோடித் துறையில் ஒரு மரக் கிராதி இருந்தது. கப்பலுக்குப் போகிறவர்கள் அதைத் தாண்டிப் போக வேண்டும். சின்னம்மா அதுவரைக்கும் என்னை மணலில் இழுத்துக்கொண்டு வந்து நின்றாள். இதோ, இங்கேதான் என்று நினைத்தேன். இரண்டு கையாலும் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். காவல்காரர் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், “போங்க,” என்றார். வண்டி நகர்ந்தது. கண்ணைத் திறந்தால் நான் கிராதிக்கு உள்ளே இருக்கிறேன். அப்பா உள்ளே இருக்கிறார். சின்னம்மா வெளியே நிற்கிறாள்.

முதலில் நம்பிக்கை வரவில்லை. எங்களைக் கப்பலில் ஏற்றினார்கள், மேல்தட்டில் கம்பியோரம் வண்டியை நிறுத்தினார்கள். கப்பல் ஊதியது. சின்னம்மா கிராதியைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள். அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது: விட்டுவிட்டுப் போவது என்னை இல்லை, அவளை! மூன்று மாதமாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல் இறங்கியது. சந்தோஷம் தாங்கவில்லை. நான் கை தட்டினேன். பலமாக, சிரித்துச் சிரித்துக் கை தட்டினேன்.

அது அவளுக்குத் தெரிந்துவிட்டது. கிராதியிலிருந்து இரண்டு கையையும் எடுத்து, தலைக்கு மேலே தூக்கி, அவளும் பதிலுக்குக் கை தட்டினாள். கப்பல் திரும்பும் வரைக்கும் தட்டிக்கொண்டே நின்றாள்.

கப்பலில் வைத்து அப்பா சொன்னார். அவருக்கும் எனக்கும் சிலோன் பிரஜை என்று பதிவு இருக்கிறது, சின்னம்மாவுக்கு இல்லை. அவளுக்குக் கொடுத்தது தற்காலிகக் கடதாசி. அதனால்தான் தோட்டத்தில் பெயர் பதிய முடியவில்லை. இனிமேல் நீட்ட மாட்டோம், இந்தத் தேதிக்குள் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று காக்கி உறையில் வந்தது. முன்னாலேயே சொன்னால் பிள்ளை பொருட்காட்சியைச் சந்தோஷமாகப் பார்க்காது, சொல்ல வேண்டாம் என்று தடுத்தவள் அவள்தான்.

“அப்ப என்னோட கடதாசி?” என்று கேட்டேன்.

“ஒனக்கு இருக்கு ஆயி.”

அது எனக்குப் போதுமாக இருந்தது. அவள் எப்போது வருவாள் என்று நான் கேட்கவில்லை. அவள் வரவேயில்லை. அப்பா எத்தனையோ மனுக்கள் போட்டார், ஒன்றும் பலிக்கவில்லை. அதற்குப் பிறகு நான் அவளைப் பார்த்ததில்லை. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது, அழுகையும் வருகிறது. ஆனால் அன்றைக்கு வெற்றி பெற்றவளாகத்தான் தோட்டத்துக்குத் திரும்பினேன். “அவள அங்கேயே விட்டுட்டு வந்துட்டோம்!” என்று பெரியம்மாவிடம் முதல் ஆளாகச் சொன்னேன். பெரியம்மா சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இரண்டு மாதம் கழித்துச் சின்னம்மாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. யாரையோ கொண்டு எழுதுவித்திருந்தாள். பள்ளிக்கூடம் விட்ட பிறகு வாத்தியார் அதை அப்பாவுக்கு வாசித்தார். நானும் பக்கத்தில் இருந்தேன். சுகம் விசாரித்த பிறகு இப்படி எழுதியிருந்தது: ‘கப்பல் கிளம்பும்போது பிள்ளை அழுது புரளுமோ என்று பயந்து செத்தேன். பிள்ளை எனக்காக மனசைத் தேற்றிக்கொண்டு, சிரித்த முகமாய்க் கை தட்டி என்னை அனுப்பி வைத்தது. பெற்ற பிள்ளைகூட அப்படிச் செய்யாது. அதை நினைத்து நினைத்துத்தான் நாளைத் தள்ளுகிறேன்.’

வாத்தியார் என் தலையைத் தடவி, “நல்ல புள்ள,” என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்பாவைப் பார்த்தேன். நான் எதற்காகக் கை தட்டினேன் என்று, பக்கத்தில் நின்ற அவருக்குத் தெரியும். இப்போது சொல்லிவிடப் போகிறார் என்று பயந்தேன்.

அப்பா வாத்தியார் பக்கம் திரும்பினார். “பதில் எழுதுங்க ஐயா,” என்றார். “புள்ள தினமும் ஒன்னயத்தான் தேடுது. ஒங்கூட ராட்டினத்துல ஏறாமப் போனேனேன்னு சொல்லிச் சொல்லி அழுவுதுன்னு எழுதுங்க.”

நான் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை, அழுததுமில்லை. அப்பா முழுப் பொய் சொல்கிறார் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது, ஏன் சொல்கிறார் என்றுதான் தெரியவில்லை. அன்றிலிருந்து கொஞ்ச நாள் நான் அப்பாவையும் சந்தேகப்பட்டேன்.